ஏப்ரல் 14: தீயணைப்பு நிலையத்தில் நீத்தார் நினைவு நாளும் தீத்தொண்டு வாரமும் நடத்த முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 14 காலை அஞ்சலி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கான வேலைக்கு ஆறு வாரம் வேண்டும். நகர நிலையங்களில் நிலைய அலுவலராக இருந்த ஆண்டுகளில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் நடத்தும்போது பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஷாமியானா, மைக், பேனர், சிறப்பு விருந்தினர் என்று தொடங்குகிறார்கள். 13ஆம் தேதி இரவுதான் "இறந்தவர்கள் பட்டியல் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வேலையின் வரிசையே அங்கே கெட்டுப்போகிறது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில், பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்தது. அதில் தீயணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளை நீத்தார் நினைவு நாளாகவும், 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமாகவும் அனுசரிக்கிறோம். சரி, வேலைக்கு வருவோம்.

1. மார்ச் முதல் வாரம்: பெயர்ப் பட்டியல்

மற்ற எல்லா வேலையும் இதைப் பிடித்துத்தான் நிற்கிறது. யாரை நினைக்கப் போகிறோம் என்று முடிவாகாமல் யாரை அழைப்பது, எத்தனை நாற்காலி போடுவது என்று எதுவும் சொல்ல முடியாது.

பட்டியலைப் பம்பாயோடு நிறுத்திவிடாதீர்கள். 66 பேரையும் ஒரே வாக்கியத்தில் நினைத்துவிட்டு நம் மாநிலத்துக்கும், நம் மாவட்டத்துக்கும், நம் நிலையத்துக்கும் வாருங்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மகால் தீயில் ஒரு வீரரை இழந்தோம். 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரியில் சிலிண்டர் வெடித்தபோது ஒரு வீரர் இறந்தார், சுற்றி நின்ற பொதுமக்களும் பலர் காயப்பட்டார்கள். 2020 தீபாவளி நேரத்தில் மதுரைத் துணிக்கடையில் கட்டடம் சரிந்து இரு வீரர்கள் போனார்கள். புதிதாகப் பணிக்கு வந்த இளைஞர்களுக்கு இவை கண்ணெதிரே நடந்தவை போன்றவை. பம்பாய்க் கப்பலைவிட அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதியும்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி போதும்: பெயர், பதவி, நாள், இடம், எந்த வேலையில் இருந்தார் என்பது. "வீரமரணம் அடைந்தார்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இரண்டாம் மாடியில் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தார்" என்றால் அந்த மனிதர் அங்கே நிற்பது கேட்பவர் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, செய்தித்தாளைப் பார்த்துப் பெயரை எழுதுவது. இன்ஷியலும் பதவியும் அதில் பலமுறை தவறாக இருக்கும். பணிப்பதிவேட்டைப் பாருங்கள், அதன்பின் குடும்பத்தாரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு, சம்பவ இடத்தில் இறந்தவர்களை மட்டும் சேர்த்து, மருத்துவமனையில் சில வாரம் போராடி இறந்தவரை விட்டுவிடுவது. இருவரும் ஒரே அழைப்புக்குக் கிளம்பிப் போனவர்கள், ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். மூன்று, காயப்பட்டுப் பணியைத் தொடர முடியாமல் போனவர்களை மறப்பது. அவர்கள் பெயர் பட்டியலில் வராது, ஆனால் முதல் வரிசையில் நாற்காலி வேண்டும்.

பணியில் இருந்தபோது நோயால் இறந்தவர்களையும் சேர்க்கச் சொல்லிச் சக ஊழியர்கள் கேட்பார்கள். நியாயமான வேண்டுகோள்தான். அவர்கள் பெயரைத் தனியாக, அடுத்ததாக வாசிக்கலாம். ஒரே பட்டியலில் கலந்தால் பிறகு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற பேச்சு வளரும்.

2. மார்ச் மூன்றாம் வாரம்: குடும்பங்களை நேரில் பார்ப்பது

அழைப்பிதழைத் தபாலிலோ வாட்ஸப்பிலோ அனுப்பாதீர்கள். அவரோடு வேலை பார்த்த ஒருவரும் நிலைய அலுவலரும் வீட்டுக்குப் போக வேண்டும். யூனிஃபார்மில் போகலாமா என்று முன்கூட்டிப் போனில் கேளுங்கள். செய்தி சொல்ல யூனிஃபார்மில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்ற அந்த நாள் சில வீடுகளில் இன்னும் ஆறாமல் இருக்கிறது. ஓர் அம்மா என்னிடம், "சாதா சட்டையில வாங்கப்பா, பேசலாம்" என்றார். அன்றிலிருந்து கேட்டுவிட்டுத்தான் போனேன்.

போனதும் கேட்க வேண்டியவை: வர விருப்பமா, யார் யார் வருவார்கள், வண்டி வேண்டுமா, எந்தப் படத்தை வைக்கலாம், படத்துக்குப் பூ, விளக்கு, பொட்டு உண்டா இல்லையா. நீத்தாரில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி சந்தனப் பொட்டு வைத்துவிட்டால், மரியாதை செய்வதாக நினைத்து ஒரு குடும்பத்தை நோகடிப்போம்.

வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். "அன்று காலையில் அவர் பெயரை வாசிப்போம், அதற்குச் சம்மதமா?" என்று மட்டும் கேளுங்கள். மறுத்தவர்களிடம் அடுத்த ஆண்டும் மறக்காமல் கேளுங்கள். நாலாவது ஆண்டில் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

பெற்றோருக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் இருக்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய் அழையுங்கள். ஒருவரிடம் சொல்லி மற்றவருக்குச் சொல்லச் சொன்னால் பாதிப் பேருக்குச் செய்தி சேராது. யார் மலர் வளையம் வைப்பது என்பதையும் அன்றே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒவ்வொரு வளையம் கொடுத்துவிட்டால் பிரச்சினையே வராது.

இன்னொன்றையும் அப்போதே கேளுங்கள்: பென்ஷன், கருணை அடிப்படையிலான வேலை, நிவாரணத் தொகை என்று ஏதாவது கோப்பு எங்காவது நிற்கிறதா? பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி அவர்களை மேடைக்கு அழைத்து மரியாதை செய்துவிட்டு, 15ஆம் தேதி அதே பெண்மணி ஏதோ ஓர் அலுவலக வாசலில் கோப்புக்காகக் காத்து நிற்கிறார் என்றால், அந்த மலர் வளையத்துக்கு அர்த்தமில்லை.

3. ஏப்ரல் முதல் வாரம்: டர்ன் அவுட் (அழைப்பு வந்ததும் வண்டியோடு கிளம்புவது) பொறுப்பைப் பிரிப்பது

ஏப்ரல் மாதம் நமக்கு ஓய்வான மாதமே இல்லை. குடிசைத் தீ, குப்பைமேட்டுத் தீ, காய்ந்த புல் தீ எல்லாம் உச்சத்தில் இருக்கும். கோயில் திருவிழாப் பாதுகாப்புக்கும் வண்டி கேட்பார்கள். அஞ்சலி நடக்கும்போதே அழைப்பு வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

முதலில், அணிவகுப்பில் நிற்கப் போவது யார், வண்டியில் போகப் போவது யார் என்று பெயரோடு எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். வண்டிக் குழு பணி உடையிலேயே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பளபளக்கும் அணிவகுப்பு உடையில் எல்லோரையும் நிறுத்திவிட்டால், அழைப்பு வந்ததும் உடை மாற்றவே சில நிமிடம் போய்விடும்.

வண்டிக்கு முன்னால் நாற்காலியோ பூத்தொட்டியோ விருந்தினர் காரோ நிற்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வண்டியை அலங்கரித்து மேடையின் பின்னணியாக நிறுத்துவார்கள், அதற்கு முன்னால் ஐம்பது நாற்காலி போட்டிருக்கும். நாற்காலியைப் பக்கவாட்டில் போடுங்கள். வாசலிலிருந்து சாலை வரை சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குள் யாரும் வராமல் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

வாட்ச் ரூமில் (அவசர அழைப்புகளை வாங்கும் அறையில்) தொலைபேசி எடுப்பவர் அஞ்சலிக்கு வெளியே வரக் கூடாது. அவருக்கும் மனசு இருக்கும்தான். அதனால் நிகழ்ச்சி முடிந்ததும் அவரை விடுவித்துத் தனியாகப் பூ வைக்கச் சொல்லுங்கள்.

மணியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நிலையங்களில் மணி அடித்தால் கிளம்பு என்று அர்த்தம். அஞ்சலிக்கு அந்த மணியை அடிக்காதீர்கள், சைரனும் வேண்டாம். மௌனம் தொடங்கவும் முடியவும் விசில் போதும். போலீஸ் பேண்டிலிருந்து பியூகிள் (ஊதுகொம்பு) வாசிப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

4. நேரமும் இடமும்

ஏப்ரல் 14 பெரும்பாலும் தமிழ்ப் புத்தாண்டு நாளாகவும் அமையும். அம்பேத்கர் பிறந்தநாளும் அன்றுதான். விடுமுறை என்பதால் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் காலையில் சிலைகளுக்கு மாலை போடப் போவார்கள், போலீஸுக்கும் அந்த வேலை இருக்கும். வீடுகளில் பூஜையும் சமையலும் நடக்கும். பூவின் விலை ஏறியிருக்கும்.

அதனால் காலை ஏழரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்குள் முடியுங்கள். வெயில் ஏறாது, வயதான தாய் தந்தையர் மயங்கி விழமாட்டார்கள். பத்து மணிக்கு வைத்து, சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கு வந்து, அதுவரை குடும்பங்கள் வெயிலில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தொடங்கும் நேரம் யாருக்காகவும் மாறாது என்று அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடுங்கள். "ஐயா, ஏழரைக்குப் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிடுவோம்" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நினைவுத் தூண் இல்லாத நிலையம் என்றால், சுத்தமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து, படங்களும் ஒரு ஹெல்மெட்டும் வையுங்கள். தெர்மகோலில் பெரிய ஸ்தூபி செய்யத் தேவையில்லை. காற்றடித்தால் சாயும், விளக்குப் பட்டால் எரியும். தீயணைப்பு நிலையத்துக்குள் அப்படி ஒன்றை நாமே வைப்பது தவறு.

5. கையில் இருக்க வேண்டியவை

மலர் வளையங்களை 10ஆம் தேதிக்குள் சொல்லிவைத்து, பாதிப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கோடு இரண்டு கூடுதலாக இருக்கட்டும். உதிரிப்பூ ஒரு கூடை, பேட்டரி மைக் ஒன்று (மின்சாரம் போனால் பெயர் வாசிப்பு நிற்கக் கூடாது), நிழலில் நாற்காலி, தண்ணீர், முதலுதவிப் பெட்டி. பெயர்ப் பட்டியல் பெரிய எழுத்தில் இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு ஆட்களின் கையில்.

வரவேற்பு மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டு வைக்காதீர்கள். பழக்கத்தில் யாராவது வைத்துவிடுவார்கள். கணவரை இழந்த பெண் அந்தத் தட்டுக்கு முன்னால் வரும்போது, நீட்டினாலும் சங்கடம், நீட்டாமல் விட்டாலும் சங்கடம். தட்டே இல்லாவிட்டால் அந்த நொடியும் இல்லை. இரண்டு வார்த்தை பேசி, கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தால் போதும்.

6. அன்று காலை, வரிசையாக

ஏழு மணிக்குக் குடும்பங்கள் வந்துவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தீயணைப்போரைத் துணையாகப் போடுங்கள். கடைசிவரை அவர் அவர்களோடேயே இருக்க வேண்டும், வேறு வேலை கொடுக்கக் கூடாது. குடும்பங்கள் முதல் வரிசையில், அதிகாரிகள் இரண்டாவதில்.

ஏழரைக்கு அணி நிற்கிறது. வரவேற்புரை வேண்டாம், நேராகப் பெயர் வாசிப்பு. வாசிப்பவர் நல்ல குரல் உள்ள முன்னணி தீயணைப்போராக இருந்தால் நல்லது. முந்தைய நாளே இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பழகியிருக்க வேண்டும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. விபத்து எப்படி நடந்தது, உடல் எப்படிக் கிடைத்தது என்ற விவரங்கள் எதுவும் கூடாது. பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர்களுக்குப் பிறகுதான் மௌனம். பலர் மௌனத்தை முதலில் வைத்துவிடுகிறார்கள். அப்போது வந்தவர்களுக்கு யாரை நினைப்பது என்றே தெரியாது, இரண்டு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துப் போகும். பெயர்களைக் கேட்டுவிட்டு நின்றால் அந்த அமைதியின் கனம் வேறு. இரண்டு நிமிடத்தை வாட்ச் பார்த்து முழுதாக விடுங்கள். முப்பது நொடியில் விசில் ஊதுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

மௌனத்தின் நடுவில் அழைப்பு வந்தால்? வண்டிக் குழு போகட்டும். மற்றவர்கள் அசையாமல் நிற்கட்டும். "மன்னிக்கவும், ஓர் அவசர அழைப்பு" என்று மைக்கில் சொல்லத் தேவையில்லை. எங்கள் நிலையத்தில் ஒருமுறை அப்படி வண்டி கிளம்பியபோது, மகனை இழந்த ஒரு தகப்பனார் வண்டி போன திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். வண்டி திரும்பி வரும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்து மலர் வளையம். வழக்கப்படி மூத்த அதிகாரியிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் முன்பே மாவட்ட அலுவலரிடம் பேசி, குடும்பங்கள் முதலில் வைக்கட்டும் என்று அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது யாரும் மறுத்ததில்லை. குடும்பங்களுக்குப் பின் அதிகாரிகள், அதன்பின் நிலையத்தில் கடைசியாகப் பணியில் சேர்ந்தவர். அந்த இளைஞரின் கையில் வளையத்தைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: பட்டியலில் உள்ளவர்கள் செய்த வேலையைத்தான் அவர் இனி செய்யப் போகிறார்.

உரை ஒன்றே ஒன்று, மூன்று நிமிடம். கைதட்டல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். புகைப்படக்காரர் பக்கவாட்டில் நிற்கட்டும். அழுகிற முகத்துக்கு அருகில் போய்ப் படமெடுக்க விடாதீர்கள்.

முடிந்ததும் காலை உணவு, அதிகாரிகளும் ஊழியர்களும் குடும்பங்களும் சேர்ந்து. அப்போதுதான் அவரைப் பற்றிப் பேச்சு வரும். "அவன் எப்பவும் முதல் ஆளா வண்டியில ஏறுவான்" என்று ஒருவர் தொடங்குவார். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், பார்சல் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

7. ஊர்மக்களைக் கௌரவிப்பது

இதை 14ஆம் தேதி வைக்காதீர்கள். அஞ்சலியும் பொன்னாடையும் ஒரே காலையில் சேராது. 16 அல்லது 17ஆம் தேதி மாலையில் வையுங்கள்.

யாரைக் கௌரவிப்பது என்று நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கிணற்றடி மோட்டாரைப் போட்டு வண்டிக்குத் தண்ணீர் நிரப்பிய விவசாயி, குறுகிய சந்தில் நிறுத்தியிருந்த பைக்குகளைத் தூக்கி வழி விட்ட இளைஞர்கள், நள்ளிரவில் லைனைத் துண்டிக்க ஓடி வந்த மின்வாரிய ஊழியர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகோடு வந்த மீனவர்களை நம்மில் யாரும் மறக்க முடியாது. அவர்களைப் போன்றவர்கள் உங்கள் எல்லையிலும் இருப்பார்கள்.

சான்றிதழில் "சிறந்த சமூக சேவைக்காக" என்று அச்சடிக்காதீர்கள். என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். அந்தத் தாள் பல வீடுகளில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

காப்பாற்றப்பட்டவர்களை மேடையேற்றுவதில் மிகுந்த கவனம் தேவை. கிணற்றிலிருந்து மீட்டவர்களில் தவறி விழுந்தவரும் உண்டு, மனம் உடைந்து குதித்தவரும் உண்டு. அவரே முன்வந்து சம்மதித்தால் ஒழிய அழைக்காதீர்கள், பெயரும் சொல்லாதீர்கள்.

8. வாரம் முழுக்கச் செயல்விளக்கம்

ஏப்ரல் நடுவில் பள்ளிகளில் தேர்வு அல்லது விடுமுறையாக இருக்கும். ஆகவே மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, மார்க்கெட், கல்யாண மண்டபம், தொழிற்சாலை என்று போங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். மருத்துவமனைக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் நல்லது, அங்கே எழுந்து நடக்க முடியாதவர்களை வெளியே கொண்டுவரும் பயிற்சிக்கு நேரம் பிடிக்கும்.

இடத்தை முந்தைய நாள் போய்ப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேலே மின்கம்பி போகிறதா, கூட்டம் எங்கே நிற்கும் என்று. கூட்டம் காற்று வரும் பக்கமாக, கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். தீ மூட்டுவதற்கு முன் ஹோஸில் தண்ணீர் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். தீயை மூட்டிவிட்டு ஹோஸ் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கொடுங்கையூரில் பொதுமக்கள் எப்படிக் காயப்பட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன காட்டுவது? வீட்டுக்கு உதவுகிற மூன்று போதும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுவது, ஒருபோதும் தண்ணீர் ஊற்றாமலிருப்பது. தண்ணீர் கொதிக்கும் எண்ணெயின் அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை மேலே வீசும். அடுத்தது எரிவாயு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வெளியேறுவது. மூன்றாவது தீயணைப்பானைப் பிடிப்பது: பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து, பக்கவாட்டில் வீசி அடிப்பது.

நீங்களே எல்லாவற்றையும் செய்துகாட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டத்திலிருந்து ஐந்து பேராவது தீயணைப்பானைக் கையில் பிடிக்க வேண்டும். வீட்டில் அதிகம் சமைப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். முதல்முறை பின்னை இழுக்கவே பலருக்குத் தெரியாது. அந்தத் தயக்கம் மைதானத்திலேயே தீரட்டும்.

கடைசியாக, அழைப்பது எப்படி என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். 101 அல்லது 112. எங்கே, பக்கத்தில் என்ன அடையாளம், எது எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, உங்கள் எண் என்ன. "சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டுத் தொடர்பைத் துண்டிப்பவர்கள்தான் அதிகம். இந்த ஐந்தையும் சொல்லிவிட்டு எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். தெருமுனையில் ஒருவரை நிறுத்தி வண்டிக்குக் கைகாட்டவும் சொல்லுங்கள்.

9. 21ஆம் தேதி

வாங்கிய படங்களை நேரில் போய்த் திருப்பிக் கொடுங்கள், அஞ்சலியின்போது எடுத்த படங்களில் இரண்டு பிரிண்ட் போட்டுச் சேர்த்து. மார்ச்சில் நோட்டில் எழுதிய கோப்புகள் எங்கே நிற்கின்றன என்று விசாரித்து, பதிலையும் அந்தப் பயணத்திலேயே சொல்லுங்கள். இன்னும் நகரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, அடுத்து எந்த நாளில் விசாரிப்பீர்கள் என்று தேதி கொடுங்கள்.

பிறகு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்: யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்தப் பெயர் தவறாக வாசிக்கப்பட்டது, யார் வீட்டு முகவரி மாறியிருக்கிறது, எந்தக் குழந்தை இப்போது எந்த வகுப்பில் படிக்கிறது. நமக்கு இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும். அடுத்து வரும் நிலைய அலுவலருக்கு அந்தக் குடும்பங்களைத் தெரிந்திருக்காது. பொறுப்பை ஒப்படைக்கும்போது வண்டிச் சாவி, பொருள் இருப்புப் பட்டியலோடு இந்தப் பதிவேட்டையும் அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.